ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. மறுபடியும் போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. சென்ற ஆண்டு நானும் என் அம்மாவும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டோம். மறுநாளே எனக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்து ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டேன். அடுத்த மாதம் மூக்கொழுகலும் இருமலுமாகப் பத்து நாள் அவதி. அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுடைய நான்கு வயது மகனுக்கு முட்டை ஒவ்வாது. "பாதிப் பலன் தரும் ஊசியை வருடா வருடம் போடுவானேன்? நரம்பைப் பாதிக்குமாமே" என்று என் தம்பி தடுக்கிறான். அம்மாவோ, "எனக்கு வருவது வரட்டும், விடு" என்கிறார். நன்மை, தீமை இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள் டாக்டர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. இந்த ஊசியைப் பரிந்துரைக்கும் நாங்கள் அவசரத்தில் சொல்லாமல் விடுவதும் பல நேரம் அந்தப் பாதியைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தட்டம்மைத் தடுப்பூசியை இரண்டு தவணை போட்டுக்கொண்டால் நூற்றில் 97 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கிறது. ஃப்ளூ ஊசி அந்த ரகம் இல்லை. ஊசியில் இருக்கும் வைரஸும் வெளியே பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தி வந்த ஆண்டுகளிலேயே, மருத்துவரிடம் போக வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வருவதை அது 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கிறது. பொருந்தாமல் போன ஆண்டுகளும் உண்டு. 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அதன் பலன் 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஊசிக்கான வைரஸைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, எச்3என்2 என்ற வகை தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டதே காரணம்.

ஆண்டுதோறும் போடச் சொல்வதும் இதனால்தான். ஃப்ளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழைதிருத்தம் பார்ப்பதில்லை. பிழைகள் சேரச் சேர, அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களின் வடிவம் மாறுகிறது. போன ஆண்டு அதை அடையாளம் கண்ட நம் உடல், இந்த ஆண்டு தடுமாறுகிறது. மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைச் சீக்கிரமே படித்துவிட்டது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கான ஃப்ளூ ஊசிக்கு 1945இல் அனுமதி கிடைத்தது. 1947இல் வைரஸ் மாறிவிட, அதே ஊசி கைவிட்டது. அதன்பின் 1952இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் ஆய்வகங்களை இணைத்து ஒரு கண்காணிப்பு வலைப்பின்னலை ஏற்படுத்தியது. இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை, வட அரைக்கோளத்துக்காகப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்காகச் செப்டம்பரிலும், எந்த வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று நிபுணர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். தயாரித்து முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதற்குள் வைரஸ் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். சில ஆண்டுகளில் கணிப்பு தவறுகிறது.

இன்னொரு கணக்கையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களில் ஊசி போடாதவர்களுக்கு ஒரு பருவத்தில் ஃப்ளூ வரும் வாய்ப்பு 2.3 விழுக்காடு, போட்டவர்களுக்கு 0.9 விழுக்காடு. அதாவது, ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க 71 பேருக்கு ஊசி போட வேண்டும். முதியவர்களில் இந்த எண்ணிக்கை 30. நோய் நொடியில்லாத 30 வயது இளைஞர், வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இல்லாதவர், "எனக்கு வேண்டாம்" என்றால் நான் அவரோடு மல்லுக்கட்ட மாட்டேன். பலனைச் சொல்வேன், முடிவை அவரிடம் விட்டுவிடுவேன்.

ஆனால் உங்கள் வீட்டில் இருப்பவர்கள் அந்த இளைஞர்கள் இல்லையே. "ஊசி போட்டால் ஃப்ளூ வராதா?" என்று கேட்பதைவிட, "ஃப்ளூ வந்தால் இந்த வீட்டில் யார் மருத்துவமனைப் படுக்கைக்குப் போவார்?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பேரில் மூன்று பேர் அந்தப் பட்டியலில் நிற்கிறார்கள்.

அவர்களிடம் வருவதற்கு முன், உங்களுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ், அல்லது அதன் புரதத் துண்டு. அது பெருகாது. பெருகாத வைரஸால் ஃப்ளூ உண்டாக்க முடியாது. மறுநாள் உங்களைப் படுக்கவைத்தது, புதிய புரதத்தைக் கண்ட உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பரபரப்பு. ஒன்றிரண்டு நாளில் அது அடங்கிவிடும். உங்களுக்கும் ஒரே நாளில் அடங்கிவிட்டது. ஒரு நாள் வேலை கெட்டது, உடம்பு வலித்தது என்பதெல்லாம் உண்மையான தொல்லைதான். அதை "ஒன்றுமே இல்லை" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதத்துப் பத்து நாள் சளி வேறு கதை. சளி, இருமல் கொண்டுவரும் வைரஸ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஃப்ளூ ஊசி அவற்றில் எதையும் தடுக்காது. பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அது சாதாரண ஜலதோஷமாகவே தெரிகிறது. ஜலதோஷம் மெல்ல வரும். முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு மூக்கு ஒழுகும். ஃப்ளூ வந்தவர்கள் பலரால் அது தொடங்கிய மணியையே சொல்ல முடியும். "மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் டாக்டர், நான்கு மணிக்கு எழுந்து நிற்க முடியவில்லை" என்பார்கள். கண்ணை அசைத்தால் வலிக்கும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டும் நடுங்குவார்கள். மூக்கொழுகல் இருந்தாலும் அதைப் பற்றிப் பேசத் தெம்பு இருக்காது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஃப்ளூ என்று அழைக்கும் வழக்கத்தால், இந்த ஊசிக்குச் சேர வேண்டியதைவிட அதிகமான கெட்ட பெயர் சேர்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் 68 வயதுக்காரர் ஒருவர் ஐந்து நாள் காய்ச்சலோடு என் அறைக்கு நடந்தே வந்தார். சர்க்கரை நோயும் பழைய இதய நோயும் உள்ளவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினார். விரலில் கருவியை மாட்டினால் ஆக்ஸிஜன் அளவு 84. கூட வந்த மகள், "வெறும் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃப்ளூ, அதன்மேல் நிமோனியா. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பு தினமும் காலையில் தனியாக நடக்கப் போனவர், அதற்குப் பிறகு தனியாக வெளியே போகவே இல்லை.

உங்கள் அம்மா "வருவது வரட்டும்" என்று சொல்லும்போது மனத்தில் நினைப்பது மரணத்தை. அதற்கு அவர் அஞ்சவில்லை. அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்த வரையில், ஃப்ளூ முதியவர்களிடமிருந்து முதலில் பறிப்பது உயிரைவிட நடையைத்தான். பத்து நாள் படுக்கையில் கிடந்தால் வயதான தொடைத்தசை கரைந்துபோகிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசை மீண்டும் முழுதாகத் திரும்புவதில்லை. பிறகு குளியலறைக்குப் போக ஒருவர் கை கொடுக்க வேண்டும். சட்டென எழுந்தால் விழ நேரிடும். சர்க்கரை தறிகெட்டு ஏறி, மாத்திரையில் இருந்தவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்று நினைக்கும் தாய்மார்களுக்கு இதைத்தான் நான் எடுத்துச் சொல்வேன். நீங்களும் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்டென்ட் இருப்பதால் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஃப்ளூ நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. உடல் முழுவதும் அது மூட்டும் அழற்சி, இரத்தக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்புப் படலத்தை வெடிக்கச் செய்யலாம். இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. கனடாவில் நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்காக இருந்தது. 2021இல் வெளிவந்த இன்னொரு சோதனை இன்னும் நேரடியானது. பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த சுமார் 2,500 பேரில் ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிக்கு உப்புநீர் ஊசியும் போட்டார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு முடிவில் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 4.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9 விழுக்காட்டினர். ஒரு சிறு ஊசிக்கு இது பெரிய வேறுபாடு. உங்கள் அம்மா இரத்தம் உறையாமல் இருக்கவும் கொலஸ்டிராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா? இந்த ஊசியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயது ஏற ஏற ஊசிக்கு உடல் காட்டும் எதிர்வினை மங்கும் என்பது குறைதான். அதற்காகவே 65 வயதைக் கடந்தவர்களுக்கு நான்கு மடங்கு மருந்து கொண்ட ஊசி வந்திருக்கிறது; சாதாரண ஊசியைவிட அது கூடுதலாக ஏறக்குறைய கால் பங்கு ஃப்ளூவைத் தடுத்தது. கிடைத்தால் அதையே அம்மாவுக்குப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து பருவத்தைத் தவறவிட வேண்டாம். சாதாரண ஊசியே போதும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை ஊசி போடும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பார்.

மகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கருப்பை மேலே வர வர நுரையீரல் விரியும் இடம் குறைகிறது. இதயம் இரண்டு உயிருக்காக உழைக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலமும் குழந்தையை ஏற்றுக்கொள்வதற்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. 1918 பெருந்தொற்றிலும் 2009 பெருந்தொற்றிலும் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டது இதனால்தான். 2012இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசிக்கான முன்னுரிமையில் கர்ப்பிணிகளையே முதலிடத்தில் வைத்தது. குழந்தைக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆனால் இப்போது தாய் போட்டுக்கொண்டால், அவர் உடலில் உருவாகும் எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, பிறந்த பிறகு முதல் சில மாதங்கள் காவல் நிற்கும். எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் தெளிக்கும் வகை மட்டும் கூடாது. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கும் அதைக் கொடுப்பதில்லை.

பேரனின் முட்டை ஒவ்வாமை முன்பு பெரிய தடையாகக் கருதப்பட்டது. ஊசிக்கான வைரஸைக் கருவுள்ள கோழிமுட்டையில் வளர்ப்பதுதான் 1940களிலிருந்து பெருவழக்கு. இறுதியில் ஊசியில் தங்கும் முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பம். முட்டை ஒவ்வாத ஏராளமான குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பாதுகாப்பாகவே இருந்தது. 2023இல் அமெரிக்க வழிகாட்டுதல் இவர்களுக்கென்று தனி முன்னெச்சரிக்கை எதுவும் தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. இருந்தாலும் ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லி, அவசர மருந்து தயாராக இருக்கும் இடத்தில் போடுங்கள். உங்கள் மனமும் அமைதியாக இருக்கும். அவனுக்கு இதுதான் முதல் முறை என்றால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை தேவை. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்கே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

நரம்பு பற்றிய அச்சம் காற்றில் வந்தது இல்லை. 1976இல் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்று வரப்போகிறது என்று அஞ்சி அமெரிக்காவில் சுமார் 4.5 கோடிப் பேருக்கு அவசரமாக ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவில்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகக் கில்லன் பாரே நோய் வந்தது. கால்களில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறி, சிலருக்கு மூச்சுத் தசைவரை முடக்கும் நரம்பு நோய் அது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஊசித் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் இதைக் கண்காணிக்கிறார்கள். இப்போதைய ஊசிகளில் கூடுதல் ஆபத்து இருந்தால், பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுதான். ஃப்ளூ வந்தாலே கில்லன் பாரே வரலாம், அதுவும் ஊசியால் வருவதைவிட அதிகமாக என்பதையும் தம்பியிடம் சொல்ல வேண்டும். 2009இல் ஐரோப்பாவில் போடப்பட்ட ஒரு பெருந்தொற்று ஊசிக்குப் பின், பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சில சிறுவர்களுக்குப் பகலில் கட்டுப்படுத்த முடியாத தூக்க நோய் வந்தது. அந்த ஊசி இப்போது புழக்கத்தில் இல்லை. ஆண்டுதோறும் போடும் ஊசிகளில் அந்தப் பிரச்சினை காணப்படவில்லை. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது.

நான் கண்ணால் பார்த்த தீங்குகளில் முக்கியமானது, ஊசியைத் தோளில் மிக மேலே குத்திவிடுவதால் வரும் மூட்டுவலி. மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் போகும். கைச்சட்டையை முழுதாக மேலே சுருட்டி, தோள் எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை திரண்டிருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். மயக்கம் வந்தாலும், பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் வரும் கடும் ஒவ்வாமை வந்தாலும், பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

தொடர்ந்து ஆண்டுதோறும் போட்டால் பலன் மங்குகிறதோ என்ற ஐயம் சில பருவங்களின் ஆய்வுகளில் எழுந்தது உண்மை. எல்லா ஆண்டிலும் அப்படி இல்லை. அந்த ஆய்வுகளிலும், போடாமல் விட்டவர்களைவிடப் போட்டவர்கள் பொதுவாக நல்ல நிலையிலேயே இருந்தார்கள்.

கடைசியாக, நீங்கள். உங்களுக்காக மட்டும் என்றால் பலன் சிறியது. ஆனால் அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பவரும், பிறக்கப்போகும் குழந்தையைத் தூக்கப்போகிறவரும் நீங்கள்தான். ஊசி போட்டவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது எவ்வளவு குறைகிறது என்பதற்கான சான்று, மற்றவற்றைப் போல வலுவாக இல்லை. ஆனாலும் உங்களுக்கே வராவிட்டால் நீங்கள் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. ஒரு நாள் உடம்புவலியை இதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. விடுமுறைக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டால் மறுநாள் படுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பகுதியில் ஃப்ளூ பரவத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு போடுங்கள். எதிரணுக்கள் உருவாக இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அவை குறையத் தொடங்கும். அதனால் ரொம்ப முன்னதாகவும் வேண்டாம். அன்று யாருக்காவது நல்ல காய்ச்சல் இருந்தால், குணமான பிறகு போடலாம். அம்மாவுக்கு நிமோனியாத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகும் அம்மாவுக்கோ மகளுக்கோ திடீரென்று காய்ச்சல் அடித்து உடம்பு முறித்துப்போட்டால், "ஊசிதான் போட்டிருக்கிறோமே" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஃப்ளூவுக்கு ஓசல்டமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதிகப் பலன். ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் தொடங்கிய மணியைத் தாளில் குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.